வயதான பிறகும் சைக்கிள் பந்தய வீரர்கள் ஓய்வு பெறாமல் ஓட்டுவது வெறும் விளம்பரத்துக்காகத்தானா?

விளம்பரத்துக்காகவும்தான். ஆனால் அந்த "வெறும்" என்ற வார்த்தையை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சாலைப் பந்தயத்துக்கு டிக்கெட் கிடையாது. ரோட்டோரம் நின்று யாரும் பார்க்கலாம். அப்போது சம்பளம் எங்கிருந்து வரும்? கம்பெனிகள் கொடுக்கும் பணம்தான். அணிக்குப் பெயரே கம்பெனியின் பெயர்தான். பிரான்ஸில் பல நாள் நடக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயமே 1903இல் ஒரு பத்திரிகை தன் விற்பனையைக் கூட்டுவதற்காகத் தொடங்கியது. அந்தப் பத்திரிகை மஞ்சள் தாளில் வந்தது. 1919இல் முதலிடத்தில் இருப்பவருக்கு மஞ்சள் சட்டை வந்துவிட்டது. முகம் தெரிவதும் அங்கே தொழிலில் ஒரு பகுதி.

ஆனால் முகம் தெரிந்தால் மட்டும் கால் சுற்றாது. எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆடி மாதம் திருவையாற்றிலிருந்து கல்லணைக்கு மேல்காற்றை எதிர்த்து மிதிப்பேன். கூட வரும் பையன்களோடு கடைசி வரை போய்விடலாம். ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் காற்றில் பாதி தொல்லை குறையும். ஆனால் கல்லணை கண்ணுக்குத் தெரிந்ததும் அவர்கள் எழுந்து நின்று ஒரு மிதி மிதிப்பார்கள் பாருங்கள், அது என்னிடம் இல்லை. வயது முதலில் பறிப்பது அந்தப் பாய்ச்சலைத்தான்.

அதனால்தான் பிரிட்டிஷ் பந்தய வீரர் மார்க் கேவன்டிஷை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது. அவருடைய பிழைப்பே அந்தக் கடைசிப் பாய்ச்சலாகத்தான் இருந்தது. 2023இல் ஓய்வு என்று அறிவித்துவிட்டு டூர் டி பிரான்ஸுக்கு வந்தார். டூரின் எட்டாம் நாள் விழுந்து காறை எலும்பு முறிந்தது. சரி, முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அடுத்த வருடம் திரும்பி வந்தார். முதல் நாளே வெயிலில் வாந்தி எடுத்துப் பின்தங்க, அணித் தோழர்கள் கூடவே இருந்து கரை சேர்த்தார்கள். ஐந்தாம் நாள் 39 வயதில் ஜெயித்தார். டூரில் ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஒரு கட்டம்; அவருக்கு அது 35ஆவது கட்ட வெற்றி. பெல்ஜியத்தின் அந்தக்கால ஜாம்பவான் எடி மெர்க்ஸின் 34ஐத் தாண்டிவிட்டார். வாந்தி எடுத்துக்கொண்டு விளம்பரம் தேட யாரால் முடியும்?

எங்கள் ஊர் பாபநாசம் பக்கம். சின்ன வயதில் திடலில் ஒருவர் ஏழு நாள் இறங்காமல் சைக்கிள் ஓட்டினார். ஓட்டிக்கொண்டே குளிப்பார், சாப்பிடுவார். சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். குத்தியவர் பெயரை மைக்கில் சொல்வார்கள். பல வருடம் கழித்து, நான் கல்லூரியில் படிக்கும்போது, அதே மனிதர் மறுபடி வந்தார். தலை நரைத்திருந்தது. வீட்டுக்கு வீடு டிவி வந்துவிட்டதால் கூட்டமும் இல்லை. கடைசி நாள் இரவு டீ எடுத்துக்கொண்டு போனேன். கால் வீங்கி, செருப்பு வாரைத் தளர்த்திவிட்டிருந்தார். மைக்செட்காரர் தூங்கிவிட்டார். சங்கிலிச் சத்தம் மட்டும்தான்.

"அண்ணே, யாரும் பார்க்கல. கொஞ்ச நேரம் இறங்கி உட்காருங்களேன்" என்றேன்.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்குத்தான் தம்பி கணக்கு" என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போனார்.

காலையில் அவரை இறக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. சட்டையில் நாலைந்து நோட்டுதான் இருந்தது.