ஓர் இடத்தில் மட்டும் பொருந்தவில்லை, நான் அப்பா இல்லையா?

கேள்வி: டாக்டர், எனக்கும் என் மகனுக்கும் டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தோம். 21 இடங்களில் 20 பொருந்துகிறது, ஒன்று பொருந்தவில்லை. எனக்கு 15, 17. அவனுக்கு 12, 18. லேபில் 'தந்தைதான்' என்கிறார்கள். அப்படியானால் அந்த ஒன்று ஏன்? மனைவி மேல் சந்தேகப்படலாமா?

பதில்: லேப் சொன்னது சரி. இந்த எண்கள், டிஎன்ஏவில் ஒரு சின்னத் துண்டு எத்தனை முறை திரும்பத் திரும்ப வருகிறது என்ற கணக்கு; ஒவ்வோர் இடத்திலும் அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி என்பதால் இரண்டு எண்கள். விந்தணு உருவாகும்போது அதை நகலெடுக்கையில் எப்போதாவது ஒன்று கூடும், இல்லை குறையும்; உங்கள் 17 அவனிடம் 18 ஆனது பெரும்பாலும் அப்படித்தான், 12 அம்மாவிடமிருந்து வந்திருக்கும். ஓர் இடத்தில் இப்படி நடப்பது ஆயிரத்துக்கு ஒன்றிரண்டுதான், ஆனால் 21 இடங்களைப் பார்க்கும்போது உண்மையான அப்பா-பிள்ளைகளிலேயே நூற்றில் ஓரிருவருக்காவது தென்படும். சம்பந்தமே இல்லாத ஆள் என்றால் ஒன்றோடு நிற்காது, ஏழெட்டு இடங்களாவது இடிக்கும்.

உங்களுக்கு 14 மட்டும், பையனுக்கு 16 மட்டும் என்று ஒற்றை எண்ணாக வந்திருந்தால் வேறு காரணத்தைத் தேடியிருப்பேன். இரண்டு பிரதிகளில் ஒன்றில், டெஸ்ட் ரசாயனம் ஒட்ட வேண்டிய இடத்தில் டிஎன்ஏவின் ஓர் எழுத்து மாறியிருந்தால் அந்தப் பிரதி மெஷினுக்குத் தெரியாமலே போகும், வேறு கிட்டில் பார்த்தால் வெளியே வரும்.

அப்புறம், உங்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றியிருக்கிறார்களா? அப்படியானால் உங்கள் ரத்தத்தில் இருப்பது கொடுத்தவருடைய டிஎன்ஏ, லேபிடம் சொல்லியே ஆகவேண்டும். பிறவியிலேயே ஓர் உடம்பில் இரண்டு டிஎன்ஏ இருப்பதும் உண்டு: 2002 வாக்கில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், தான் பெற்ற பிள்ளைகளுக்கே தாய் இல்லை என்று ஒரு பெண்ணுக்கு ரிப்போர்ட் வந்து, கடைசியில் கர்ப்பப்பை வாய்ச் செல்களில்தான் பொருத்தம் கிடைத்தது. அதெல்லாம் அபூர்வம், உங்கள் ரிப்போர்ட்டுக்கு அந்தக் கதை தேவையே இல்லை.

கேட்கச் சங்கடமான ஒன்று, சொல்லாமல் விட முடியாது. உங்கள் அண்ணன் தம்பி மேல் சந்தேகம் என்றால் மட்டும் இந்த ஒரு வித்தியாசத்தைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும், ஏனென்றால் கூடப்பிறந்தவர்களுக்குப் பாதி டிஎன்ஏ பொதுவானது. ஒய் குரோமோசோம் டெஸ்ட்டும் அங்கே உதவாது, அது அப்பாவிடமிருந்து மகனுக்கு அப்படியே வருவது, உங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். மனைவியின் சாம்பிளைச் சேர்த்து, இன்னும் சில இடங்களைப் பார்த்தால் தெளிவாகிவிடும். அப்படி எதுவும் இல்லையென்றால் மறுபடி டெஸ்ட்டுக்குக் காசு செலவழிக்காதீர்கள், மனைவியைச் சந்தேகிக்க இந்த ரிப்போர்ட்டில் ஒன்றுமே இல்லை.