குப்பை பொறுக்குவதைத் தாண்டி, ஆற்றையும் கழிமுகத்தையும் காக்க ஊர் மக்களால் என்ன செய்ய முடியும்?

நிறையவே முடியும். முதலில் கண்காணிப்பு. ஓடையில் கிடக்கும் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடியில் மூன்று வால் இழைகளோடு சின்னப் பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் மேஃப்ளை என்ற பறக்கும் பூச்சியின் இளம்பருவம். ஆக்சிஜன் நிறைந்த நீரையே விரும்பும். போன வருடம் இதே பருவத்தில் இருந்தது இப்போது இல்லையென்றால், மேலே எங்கோ கழிவு கலக்கிறதோ என்று சந்தேகிக்கலாம். தேதி, இடம், படத்தோடு குறித்து வையுங்கள். அதிகாரிகளிடம் வெறுங்கையோடு போக வேண்டியிருக்காது.

ஆற்றங்கரையில் மரம் நடலாம், வேர் மண்ணரிப்பைக் குறைக்கும். கழிமுகத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். எந்நேரமும் நீர் நிற்கும் சேற்றில் நட்ட அலையாத்திக் கன்றுகள் பெரும்பாலும் செத்துப்போகும் (போட்டோவுக்கு மட்டும் அழகாக இருக்கும்). அதைவிட, கடல் ஏற்ற இறக்கத்தில் நீர் வந்துபோகும் ஓதநீர் வாய்க்கால் அடைபட்டிருந்தால் அதைத் திறந்துவிடுங்கள். பக்கத்தில் தாய்மரங்கள் இருந்தால் விதைகள் தானே மிதந்து வந்து வேர்பிடிக்கும்.