வாளையாருக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

கேள்வி: டீச்சரம்மாவுக்கு வணக்கம். எனக்கு 41 வயது. செங்கோட்டையில் ஒரு மர அறுவை மில்லில் பதினான்கு வருடமாக எலெக்ட்ரீஷியனாக இருக்கிறேன். சம்பளம் 16,000 ரூபாய். இந்த வருடத் தொடக்கத்திலிருந்து அதுவும் இரண்டு தவணையாகத்தான் வருகிறது. பாலக்காடு மாவட்டம் கஞ்சிக்கோட்டில், இரும்புக் கம்பி தயாரிக்கும் ஓர் ஆலையில் 27,000 ரூபாய்க்கு வேலை கிடைத்திருக்கிறது. அக்டோபர் முதல் தேதி சேர வேண்டும். மகள் அரசுப் பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. இருவரும் தமிழ் வழி. மனைவி பீடி சுற்றுகிறார். மாதம் நாலாயிரம் வரும். எட்டரை வருடமாகப் பி.எப். பிடிக்கிறார்கள். அம்மாவுக்கு 72 வயது. சர்க்கரை இருக்கிறது, என் இ.எஸ்.ஐ.யில் மருந்து வாங்குகிறோம். இங்கே இருப்பது சொந்த வீடு. பாலக்காட்டில் ஆறாயிரம் ரூபாய் வாடகைக்கு ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். குடும்பத்தோடு போய்விடு என்கிறார் மைத்துனர். சாரல் விழாத ஊரில் நான் வந்து சாகமாட்டேன் என்கிறார் அம்மா. போகலாமா, வேண்டாமா?

— பெயர் வேண்டாம், செங்கோட்டை

பதில்: தம்பி, உங்கள் கடிதம் வந்த அன்று இரண்டு முறை படித்தேன். கஞ்சிக்கோடு என்ற பெயரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. 1976இல் என் அப்பா வாசுதேவநல்லூரிலிருந்து எங்களைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கியது அதே கஞ்சிக்கோட்டில்தான். அவர் லேத் வேலைக்காரர். எனக்குப் பன்னிரண்டு வயது. அதனால் இதை ஊர்ப் பொதுவான யோசனையாக என்னால் சொல்ல முடியாது.

முதலில் வேலையைப் பற்றி. சேருங்கள். சம்பளத்தைத் தவணையில் கொடுக்கத் தொடங்கிய மில்லில் 41 வயது எலெக்ட்ரீஷியன் காத்துக்கொண்டிருக்கக் கூடாது. இன்னும் ஐந்து வருடம் போனால் புது இடத்தில் உங்களை எடுப்பது கடினம். ஆனால், பாலக்காட்டு வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். பதினொன்றாயிரம் கூடுகிறது என்று எழுதாமல் எழுதியிருக்கிறீர்கள். வாடகை ஆறாயிரம் போயிற்று. இப்போது இருப்பது சொந்த வீடு. மனைவியின் பீடி வருமானம் நாலாயிரம் நின்றுவிடும், ஏனென்றால் பாலக்காட்டில் யார் வந்து அவருக்கு இலையும் தூளும் நிறுத்துக் கொடுப்பார்கள்? மீதி ஆயிரம் ரூபாய். அந்த ஆயிரமும் தங்காது. இ.எஸ்.ஐ.க்குச் சம்பள வரம்பு 21,000 ரூபாய். 27,000 ரூபாய்ச் சம்பளத்தில் புதிதாகச் சேர்கிறவருக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. அம்மாவின் சர்க்கரை மருந்தை நீங்கள் கடையில்தான் வாங்க வேண்டும். சேரும் முன் ஆலைக்காரர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துத் தருவார்களா, அதில் தாயாரும் அடங்குவாரா? வேலை உத்தரவு ஆலையின் பெயரில் வருமா, காண்ட்ராக்டர் பெயரில் வருமா? காண்ட்ராக்டர் பெயரில் என்றால் குடும்பத்தைக் கிளப்புவது பற்றிய பேச்சையே ஒரு வருடம் எடுக்காதீர்கள்.

இனி உங்கள் மகள். இந்தக் கடிதத்தில் எனக்குத் தூக்கம் கெட்டது அவளை நினைத்துத்தான்.

கேரளத்தில் தமிழ் வழிப் பள்ளி இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அப்படி ஒரு பள்ளியில்தான் வேலை பார்த்து, 56 வயதில் ஓய்வு பெற்றேன். சித்தூர் தாலுகாவிலும் இடுக்கியிலும் பிள்ளைகள் தமிழில் படித்து, பத்தாம் வகுப்புத் தேர்வையும் தமிழிலேயே எழுதுகிறார்கள். நல்ல பள்ளிகள், நல்ல ஆசிரியர்கள். அது குறையல்ல. உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்து வந்திருக்கிறாள், அங்கேதான் சிக்கல். மருத்துவப் படிப்பில் 2020இலும், பொறியியல் போன்ற தொழிற்கல்வியில் 2021இலும் சட்டமாக்கிய 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் அதே ஆறு முதல் பன்னிரண்டு கணக்குதான். நாலு வருடத்தில் பாதிக் கிணறு தாண்டிவிட்ட பிள்ளையை, மாநில எல்லையில் இருக்கும் வாளையார் சோதனைச் சாவடியைக் கடக்கவைத்து அந்தப் பக்கப் பள்ளியில் சேர்த்தால், இத்தனை வருடம் படித்த உரிமை கைவிட்டுப் போகும். ஒரு மாநிலத்தின் சாதிச் சான்றிதழைக் காட்டி இன்னொரு மாநிலத்தில் இட ஒதுக்கீடு கேட்கவும் முடியாது. மைத்துனருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்.

எல்லையில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. 1956 நவம்பர் முதல் தேதி செங்கோட்டை திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, உங்கள் தாத்தா வீட்டில் ஒரு செங்கல்கூட அசைந்திருக்காது. ஆனால் பிள்ளைகளின் பாடப்புத்தகம், பட்டா, வேலை எல்லாம் வேறு தலைநகரைப் பார்த்துத் திரும்பின. கோட்டுக்கு எந்தப் பக்கம் படுத்துத் தூங்குகிறோம் என்பதில் அத்தனை இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், வேலை கஞ்சிக்கோட்டில் இருக்கட்டும். வீடு வாளையாருக்கு இந்தப் பக்கம் இருக்கட்டும். கந்தேகவுண்டன் சாவடி, எட்டிமடை, மதுக்கரை எல்லாம் கோயம்புத்தூர் மாவட்டம். கோவை–பாலக்காடு நெடுஞ்சாலையிலும் ரயில் பாதையிலும் இருக்கும் ஊர்கள். தினமும் எல்லை தாண்டிக் கஞ்சிக்கோட்டுக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள் அங்கே நிறைய. பஸ் உண்டு. எட்டிமடைக்கு அடுத்து வாளையார், அதற்கடுத்துக் கஞ்சிக்கோடு என ரயில் நிலையங்களும் வரிசையாக உண்டு. ரேஷன் அட்டை, முதலமைச்சர் மருத்துவக் காப்பீடு, மனைவிக்கு மகளிர் உரிமைத் தொகை வருகிறது என்றால் அதுவும், எதையும் விட வேண்டியதில்லை. உங்கள் பைக்கையும் சேர்த்துச் சொல்கிறேன்: வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். இந்தப் பக்கம் குடியிருந்தால் அந்த அலைச்சலும் இல்லை. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். இரவு ஷிப்டு முடித்து வாளையார்க் காட்டை பைக்கில் தனியாகக் கடக்காதீர்கள். ரயிலையே பொருட்படுத்தாமல் யானைகள் குறுக்கே வரும் இடம் அது. பஸ்ஸில் வாருங்கள், இல்லையென்றால் விடிந்ததும் கிளம்புங்கள்.

ஆனால், அந்தக் குடிபெயர்தலும் இப்போது வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் மைத்துனர் என்ன சொன்னார் என்று இருக்கிறது. அம்மா சொன்னது அவர் வார்த்தையிலேயே இருக்கிறது. மனைவி எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று இருக்கிறது. அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை, தம்பி. தேடித் தேடிப் பார்த்தேன்.

என் அம்மாவும் அப்படித்தான் யாருடைய பேச்சிலும் இல்லாமல் கஞ்சிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தாள். வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு ட்ரங்குப் பெட்டி கொண்டுவந்தோம். கல்யாணச் சீராக வந்த பித்தளைக் குடம், வெண்கலப் பானை, இரண்டு பட்டு எல்லாம் அதற்குள். நார்க்கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தது. இறக்கிய இடத்திலேயே, அடுப்படிச் சுவரோரம், ஒன்பது வருடம் திறக்காமலே கிடந்தது. இடவப்பாதி என்று இங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழையில் கயிறு பூசணம் பூக்கும். அம்மா அதை அவிழ்த்து, வெயில் கண்ட நாளில் முற்றத்தில் விரித்துக் காயவைத்து, சாயங்காலம் மறுபடி அதே முடிச்சுப் போட்டுக் கட்டுவாள். பெட்டியைத் திறக்க மாட்டாள். தண்ணீர் எடுக்க ஓர் அலுமினியக் குடம். ஏனம்மா, பித்தளைக் குடத்தை எடுக்கலாமே என்றால், "எப்போது கிளம்பச் சொல்வாரோ" என்பாள். அப்பா ஒருநாளும் எத்தனை வருடம் என்று சொன்னதில்லை. அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். 1985இல் என் கல்யாணப் பேச்சு வந்தபோது, "உன் கல்யாணமும் தம்பியின் படிப்பும் முடியும் வரைக்கும் இங்கேதான், அதற்கு எட்டு வருடம் ஆகும்" என்று சாப்பாட்டுக்கு நடுவில் என்னிடம் சொன்னார். அன்று சாயங்காலமே அம்மா முடிச்சை அவிழ்த்துவிட்டாள். புளி போட்டுத் தேய்த்த குடம் விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று இருந்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. எட்டு வருடம் என்பது நீண்ட காலம்தான். ஆனால் அவளுக்கு ஒரு கணக்குக் கிடைத்துவிட்டது.

நானோ ஏழாம் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு, இரண்டாம் வகுப்பு மலையாளப் புத்தகத்தை மடியில் மறைத்து வைத்துப் படித்தேன். ஊரில் வகுப்பில் முதல் ஆளாக இருந்தவள், இங்கே ஓணப் பரீட்சையில் என் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். டீச்சர் "மழ" என்று சொன்ன நாளில்தான் எனக்கு மூச்சு வந்தது, நம் மழைதான். பிறகு அந்த மொழி எனக்குச் சோறு போட்டது, அதன்மேல் எனக்குக் கொள்ளை அன்பு. ஆனால் எனக்குப் பன்னிரண்டு வயது. பத்தாம் வகுப்பு வாசலில் நிற்கும் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.

ஆகவே உங்கள் மனைவியிடம் உட்கார்ந்து பேசும்போது இந்தக் கணக்கையும் கையில் எடுத்துப் போங்கள். பி.எப். ஓய்வூதியத்துக்குக் குறைந்தது பத்து வருடச் சேவை வேண்டும். அவருக்கு எட்டரை முடிந்துவிட்டது. இந்த அக்டோபரில் பீடித் தட்டை இறக்கிவைத்தால், 58 வயதில் அவர் பெயருக்கென்று வரவேண்டிய மாத ஓய்வூதியம், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், நின்றுவிடும். கழுத்து ஒடியக் குனிந்து சுற்றிய எட்டரை வருடம் அது. இன்னும் ஒன்றரை வருடம் போனால் பத்து நிறையும். மகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடிப்பதும் ஏறக்குறைய அதே ஒன்றரை வருடத்தில். அந்த ஜூனில் மகன் ஆறாம் வகுப்புக்குப் போவான். அவனுடைய ஆறு முதல் பன்னிரண்டுக் கணக்கு மதுக்கரைப் பக்கத்து அரசுப் பள்ளியிலேயே தொடங்கலாம். மகள் பதினொன்றாம் வகுப்பில் சேரலாம். அவள் கேட்கும் பாடப்பிரிவு எந்த அரசு மேல்நிலைப் பள்ளியில் இருக்கிறது என்று மட்டும் முன்கூட்டியே நேரில் போய் விசாரித்துவிடுங்கள், போனில் வேண்டாம்.

அதுவரை நீங்கள் தனியாகத்தான் இருக்க வேண்டும். அறை வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டால் சாப்பாடும் போக்குவரத்தும் சேர்த்து ஏழாயிரத்தில் முடிக்கலாம். நாலாயிரம் மிஞ்சும், பீடிப் பணமும் நிற்காது. பாலருவி எக்ஸ்பிரஸ் பாலக்காட்டிலிருந்து செங்கோட்டை வழியாகத்தான் போகிறது. ஆனால் மாலையில் ஏறினால் நடுராத்திரி தாண்டித்தான் செங்கோட்டையில் இறங்குவீர்கள். ஞாயிறு இரவு திரும்பினால் பாலக்காடு சேரத் திங்கள் நண்பகலாகிவிடும், காலை ஷிப்டுக்கு உதவாது. திரும்புவதற்குத் தென்காசி–கோவை இரவு பஸ் நல்லது. வாரம் தவறாமல் வருகிறேன் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். மாதம் இரண்டு முறை என்று சொல்லுங்கள். சொன்னால் வாருங்கள்.

அம்மாவுக்கு ஒரு செய்தி. செங்கோட்டைக் கணவாய் வழியாக உங்கள் ஊருக்கு வருகிற அதே தென்மேற்குக் காற்றுதான் பாலக்காட்டுக் கணவாய் வழியாக எட்டிமடைக்கும் வருகிறது. குற்றாலம் இல்லை, ஆனால் ஆனி ஆடியில் முகத்தில் தெறிக்கும் தூறல் உண்டு. அவரை வற்புறுத்த வேண்டாம். அடுத்த ஆனியில் பத்து நாள் கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் அப்போது மைத்துனரோடு பேசி வேறு ஏற்பாடு செய்வோம்.

இதெல்லாம் என் கணக்கு. மனைவி வேறு கணக்கு வைத்திருக்கலாம். ஒன்றரை வருடம் வயதான மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் தனியாகப் பார்க்க முடியாது என்று அவர் சொன்னால், நான் எழுதியதில் பாதியை அடித்துவிட வேண்டியதுதான். அவர் கைப்பட நாலு வரி எழுதி, செப்டம்பர் 15க்குள் இதே முகவரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த இதழ் வரை காத்திருக்க வைக்காமல் அவர் பெயருக்கே தபாலில் பதில் போடுகிறேன்.