வெள்ளைப் புள்ளிக்கு மருந்து கேட்பவர்களுக்கு

செங்கோட்டையில் சாரல் தொடங்கினால் குற்றாலத்துக்குக் கூட்டம் வரும். என் கடைக்கு வெள்ளைப் புள்ளி வரும், அதாவது மீன் உடம்பில் வெள்ளைப் புள்ளியாய் வரும் ஒட்டுண்ணி நோய். வண்ணமீன் விற்கிறவன் நான். ஒரே கேள்வியை நாள் முழுக்கக் கேட்கிறார்கள் என்பதால் எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில். கேட்டவரை அவர் ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன். தொட்டி எத்தனை லிட்டர் என்று சொல்லாமல் மருந்தளவு மட்டும் கேட்காதீர்கள்.

புளியரை: அண்ணாச்சி, புதிதாக வாங்கிய மோலி மீன் மூன்றாம் நாளே ரவை தூவியது போல் ஆகிவிட்டது. மருந்து ஊற்றியும் புள்ளி அப்படியே இருக்கிறது. மருந்து போலியா? தொட்டி இரண்டடி.

மருந்தில் குறை இல்லை. புள்ளிக்குள் இருக்கும் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது, மருந்து அங்கே எட்டாது. 'இக்' என்று நாங்கள் சுருக்கிச் சொல்வது இதைத்தான். வயிறு நிறைந்ததும் அது மீனை விட்டு உதிர்ந்து, அடியில் கூழாங்கல்லில் ஒட்டிக்கொண்டு, ஒரு கூடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்கில் பிரியும். கூடு உடைந்து வெளியே வரும் குஞ்சுகள் இரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாகும். நீந்தி அலையும் அந்த நேரத்தில்தான் மருந்தும் உப்பும் அவற்றைக் கொல்லும்.

அதனால் சூடு முக்கியம். 25 டிகிரியில் இந்தச் சுற்று முடிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். 30-ல் மூன்று நான்கு நாளில் முடியும். ஹீட்டரை ஒரேயடியாக ஏற்றாமல், சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் ஏற்றுங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் காற்றுக்கல் கட்டாயம். உங்கள் தொட்டி 60×30×30 செ.மீ. என்றால் 54 லிட்டர். கல்லும் மேலே விட்ட இடமும் போக 45 என்று வையுங்கள். லிட்டருக்கு 2 கிராம் கணக்கில் 90 கிராம் உப்பு, இரண்டு நாளில் பாதி பாதியாகக் கரைத்து ஊற்றுங்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் அடிக்கல்லைக் குழாய் போட்டு உறிஞ்சி, எடுத்த தண்ணீருக்கு மட்டும் உப்பு சேர்த்துப் புதுத் தண்ணீர் விடுங்கள். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடருங்கள். பில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை அது குடித்துவிடும்.

தென்காசி: தூள் உப்பில் அயோடின் இருக்கிறது, மீன் செத்துவிடும் என்கிறார்களே?

கணக்குப் போடுங்கள். கிலோ உப்பில் அயோடின் 30 மில்லிகிராம் என்றே வைத்தாலும், 90 கிராமில் 2.7 மில்லிகிராம்தான். அது 45 லிட்டரில் கரைகிறது. தூத்துக்குடிக் கல் உப்பு கிடைத்தால் நல்லது, அவ்வளவுதான்.

புனலூர்: சும்மா சொல்லாதீங்க சார். உப்பு போட்டுத்தான் என் லோச் மீன் மூன்றும் போச்சு. எங்கள் பக்கம் மஞ்சளும் வேப்பிலையும்தான்.

லோச்சுக்கு உப்பும் மருந்தும் ஆகாது என்பது சரி, பாதி அளவில் நிறுத்த வேண்டும். எவ்வளவு போட்டீர்கள்?

புனலூர்: ஒரு கைப்பிடி.

யாருடைய கை? தொட்டி எத்தனை லிட்டர்?

புனலூர்: சின்னத் தொட்டிதான். மஞ்சள் போட்ட தொட்டியில் ஒரு மீனும் சாகவில்லையே!

புளியரை: அந்தத் தொட்டியில் மீன் இருந்ததா என்று கேளுங்கள் அண்ணாச்சி.

சரி, சண்டை வேண்டாம். லேசான நோயில் மீன் தானாகவே தேறுவதும் உண்டு, பெயர் மஞ்சளுக்குப் போகும். மஞ்சளைக் குழம்பில் போடுங்கள், உப்பை எடை போட்டுப் போடுங்கள்.

கொல்லம்: கோல்டுபிஷ்ஷின் செவுள் மூடியிலும் முன் துடுப்பிலும் மட்டும் வெள்ளைப் பொட்டு. நன்றாகச் சாப்பிடுகிறது. எவ்வளவு மருந்து?

ஒரு சொட்டும் வேண்டாம். அது ஆண் மீன், இணைசேரும் பருவத்தில் வரும் பொட்டு அது.

கடையநல்லூர்: வெள்ளைப் புள்ளிக்கு ஊற்றும் மலாக்கைட் கிரீன் மருந்தைத் திலேப்பியாக் குளத்தில் ஊற்றலாமா?

சாப்பிடுகிற மீனுக்கு அது கூடவே கூடாது. கண்ணாடித் தொட்டியில் ஊற்றும்போதும் கையுறை போடுங்கள்.

ஆரியங்காவு: பெட்டா உடம்பில் டார்ச் அடித்தால் தங்கப்பொடி மாதிரி மின்னுகிறது.

அது வேறு ஒட்டுண்ணி, வெல்வெட். வெளிச்சத்தில் அது தானே உணவு செய்துகொள்ளும். விளக்கை அணைத்துத் தொட்டியைத் துணியால் மூடுங்கள். தாமிர மருந்துக்கு அது கட்டுப்படும். ஆனால் நத்தையும் இறாலும் அந்தத் தொட்டியில் இருக்கக் கூடாது.

தென்காசி: கப்பியின் பின்னால் சிவப்பு நூல் தொங்குகிறது.

குடல் புழு. லெவாமிசோல் என்ற குடற்புழு மருந்து உண்டு. அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

குளத்தூப்புழா: கடையில் வாங்கும்போதே கண்டுபிடிக்க முடியாதா?

இதை ஒருவராவது கேட்டீர்களே. தொட்டி முன் பத்து நிமிடம் நில்லுங்கள். ஒரே ஒரு மீன் கல்லில் உடம்பைத் தேய்த்தாலும் அந்தத் தொட்டியில் எதையும் வாங்காதீர்கள். பல கடைகளில் தொட்டிகளுக்கெல்லாம் ஒரே பில்டர், அதனால் பக்கத்துத் தொட்டிகளையும் பாருங்கள். வலையும் ஒன்றேதான். என் கடையிலும் தாராளமாகப் பாருங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். சென்னை கொளத்தூரிலிருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் பைக்குள் வந்த மீன் காலையில் களைத்துப்போய் இருக்கும், நோய் அப்போதுதான் ஏறும். வந்து ஒரு வாரமாவது ஆன மீனைக் கேளுங்கள். வீட்டில் தனி வாளியில் மூன்று வாரம். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

சுரண்டை: ரெண்டே நாளில் புள்ளி போயிடுச்சு. உப்பை நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். புளியரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பம்புளி: மூணு நாளாச்சு, புள்ளி போகல. எவ்வளவு மருந்து?

லிட்டர்?