குழாய் போகும் இடத்தில் வீடு

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே எங்கள் டொங்காட் பக்கம் கரும்புக்காடெல்லாம் மனையாகிறது. உள்ளே தள்ளியிருக்கும் கிராமங்களை யாரும் கண்டுகொள்வதில்லை. புது வீடுகளை ஊருக்குப் பாதி, கிராமத்துக்குப் பாதி என்று பிரித்தால் என்ன?
— வாசகர், வெருலம்

பதில்: பாதிப் பாதி என்பது கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் கிராமத்துக்கு அதனால் நன்மை வராது. வீட்டை எங்கும் கட்டிவிடலாம், கழிவுநீரை எங்கும் அனுப்ப முடியாது. டர்பன் மாநகராட்சிக்குள்ளேயே மேடுபள்ளமான ஊரகப் பகுதிகள் பலவற்றில் சாக்கடைக் குழாய் கிடையாது. சிறுநீரைத் தனியே பிரிக்கும் உலர் கழிப்பறைகள்தான். அங்கே வீடுகளை நெருக்கிக் கட்டினால் மேல்வீட்டு செப்டிக் டாங்க் நீர் கீழ்வீட்டு முற்றத்தில் ஊறும்.

மண்ணை நீங்களே சோதிக்கலாம். செப்டிக் டாங்க் நீர் மண்ணில் இறங்கும் கசிவு வாய்க்கால் வரப்போகும் ஆழத்துக்குக் குழி தோண்டி, நீர் ஊற்றி இரவு முழுக்க ஊறவிடுங்கள். மறுநாள் திரும்ப ஊற்றி, 25 மில்லிமீட்டர் இறங்க எவ்வளவு நேரம் ஆகிறதென்று பாருங்கள். ஒரு மணி நேரம் தாண்டினால் அது களிமண். செப்டிக் டாங்க் அங்கே உதவாது.

ஆகவே கிராமத்தில் கிளினிக், பள்ளி, தார்ச்சாலை கூடும் இடத்தை ஒட்டி மட்டும் புது வீடுகள் வரட்டும். மற்றவர்களுக்கு அவரவர் மனையிலேயே ஊரக வீட்டு மானியம் கிடைக்கட்டும். ஜூலு மன்னரைப் பொறுப்பாளராகக் கொண்ட இங்கோன்யாமா அறக்கட்டளையின் நிலத்தில் குடியிருப்பவர்களுக்குப் பத்திரம் கிடையாது, வங்கிக் கடன் கிடைப்பதும் அரிது; மானியம்தான் அவர்களுக்கு வழி.

ஊரில் குழாயும் பஸ்ஸும் உள்ள காலி மனைகள்தான் முதலில் நிரம்ப வேண்டும். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குரூப் ஏரியாஸ் சட்டம் இந்திய வம்சாவளியினரான நம்மவர்களை வேலையிடத்துக்குத் தொலைவில் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் கொண்டுபோய் வைத்தது. நிலம் மலிவு என்று இன்றும் ஊருக்கு வெளியே வீடுகளைக் குவித்தால், அந்தப் பஸ் கட்டணம் அடுத்த தலைமுறையின் தலையிலும் விழும்.

கேள்வி: கரும்பு நிலத்தை மனையாக்குவதற்கு ஆட்சேபம் சொல்ல என்ன வழி?
— வாசகி, டொங்காட்

பதில்: விவசாய நிலத்தைத் துண்டுபோட தேசிய விவசாய அமைச்சரின் ஒப்புதல் வேண்டும், அது வந்துவிட்டதா என்று முதலில் கேளுங்கள். பிறகு நகராட்சி அறிவிப்பில் உள்ள கடைசித் தேதிக்குள் எழுத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வெறுமனே 'வேண்டாம்' என்று எழுதினால் எடுபடாது. சுத்திகரிப்பு நிலையத்தில் இத்தனை வீட்டுக்கு இடமிருக்கிறதா, மனைகள் நூறாண்டு வெள்ளக்கோட்டுக்கு (சராசரியாக நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் எட்டும் எல்லைக்கு) மேலே இருக்கின்றனவா என்று கேளுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்த மாகாணம் இது. அந்தக் கேள்வியை யாரும் தட்டிக்கழிக்கக் கூடாது.

தீர்ப்பு பாதகமாக வந்தால், அதைத் தெரிவித்த நாளிலிருந்து 21 நாளுக்குள் நகராட்சி மேலாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அடுத்த ஆண்டுக்கான குழாய், சாலைப் பணம் எங்கே போகும் என்பது நகராட்சியின் வரைவுத் திட்டத்திலும் பட்ஜெட்டிலும் மார்ச் இறுதியில் வெளிவருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் கருத்துக் கேட்பார்கள். ஜூனில் போய் நின்றால் பணம் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கும்.