வருஷத்துக்கு ஒருக்கா காசு வர்ற வீட்டுக்கு எந்த பட்ஜெட் ஆப்?

ஏற்காடு நாகலூர் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க. மூணு ஏக்கர் காப்பி, ஊடால சில்வர் ஓக் மரத்துல மிளகு, வீட்டுக்கு மேல ரெண்டு ரூம் டூரிஸ்டுக்கு விடுறாங்க. ஜனவரி பிப்ரவரில கை நிறைய காசு, ஆகஸ்ட் வந்தா நகைய வைக்க வேண்டியதா இருக்குதாம். செலவில்லாம ஒரு பட்ஜெட் ஆப் சொல்லுங்க, டவர் சரியா கிடைக்காது, ஒரு ஆண்ட்ராய்டு போனும் பழைய லேப்டாப்பும் இருக்குங்கறாங்க.

மொதல்ல, பேங்க் எஸ்எம்எஸ்ஸ படிச்சு தானா கணக்கு எழுதிக்கிற ஆப்பெல்லாம் உங்களுக்கு வேண்டாங்க. சேலத்துல மாசச் சம்பளம் வாங்குறவங்களுக்கு ஓரளவு சரி, ஆனா நீங்க பழம் பறிக்க வர்றவங்களுக்கு கூலிய கையில காசா குடுப்பீங்க, அதுக்கு ஏது எஸ்எம்எஸ்? யுபிஐல போட்டாலும் சின்ன தொகையெல்லாம் விட்டுப் போகும். ஹெச்டிஎஃப்சி பேங்க் 2024 ஜூன் 25ல இருந்து 100 ரூபாய்க்கு கீழ அனுப்புற யுபிஐக்கு எஸ்எம்எஸ் அனுப்புறதயே நிறுத்திடுச்சு. டீ, பஸ், காய்கறின்னு ஒழுகுற காசு தான் அதுல வராம போறது. அதுவுமில்லாம இலவசமா குடுக்குறவங்க எப்படி சம்பாதிக்கிறாங்கன்னு பாத்தா, உங்க வரவு செலவ படிச்சுட்டு லோன் வேணுமா, கார்டு வேணுமான்னு காட்டுறது தான் பாதி இடத்துல பொழப்பே. கணக்கு எழுதுற ஆப்பு காண்டாக்ட்ஸ் பாக்க பெர்மிஷன் கேட்டா யோசிக்காம தூக்கிடுங்க.

இன்னொண்ணு, இலவசம் நாளைக்கும் இருக்கும்னு நம்ப முடியாது. அமெரிக்காவுல ஓஹோன்னு ஓடுன மின்ட்ங்கற இலவச பட்ஜெட் ஆப்ப இன்ட்யூட் கம்பெனி 2009ல வாங்குச்சு, 2024 மார்ச்ல மூடிருச்சு. அதனால எந்த ஆப்பா இருந்தாலும் போட்ட கணக்க சிஎஸ்வி ஃபைலா (எக்செல் மாதிரி எதுலயும் தொறக்கலாம்) வெளிய எடுக்க முடியுதான்னு பாத்துட்டு ஆரம்பிங்க.

உங்களுக்கு நான் சொல்றது மை எக்ஸ்பென்சஸ்னு ஒரு ஆப். ஓப்பன் சோர்ஸ், நெட் இல்லாமயே ஓடும், நீங்களே கையால எழுதணும், அதான் அதுல நல்லதே. கூடுதல் வசதிக்கு தான் காசு, ரெண்டு மூணு அக்கவுன்டுக்கெல்லாம் கேக்காது. அதுல தோட்டம்னு ஒரு அக்கவுன்ட், வீடுன்னு ஒண்ணு தொறங்க. காப்பி, மிளகு வித்த காசு எல்லாம் தோட்டத்துக்கு தான் போகணும், நேரா வீட்டுக்கு வரக்கூடாது. உதாரணத்துக்கு பறிப்புக் கூலி போக 4,80,000 நின்னுச்சுன்னு வைங்க, உரம், களை, நிழல் மரம் கவாத்துன்னு வர்ற வருஷத்துக்கு 1,20,000 அங்கயே நிறுத்திட்டா மிச்சம் 3,60,000, அத 12ஆல வகுத்தா மாசம் 30,000. ஒண்ணாந்தேதி ஆனா தோட்டத்துல இருந்து வீட்டுக்கு 30,000 டிரான்ஸ்ஃபர் போடுங்க, அது தான் உங்க சம்பளம். ஜனவரில தோட்டத்துல எவ்ளோ கிடந்தாலும் சம்பளம் அதே தான். (வீட்டுக்காரர் ஒத்துக்கணும், அதுக்கு ஆப் கிடையாது.) முடிஞ்சா பேங்க்லயே ரெண்டு அக்கவுன்டா வெச்சுக்கிட்டா இன்னும் சுலபம்.

டிரான்ஸ்ஃபர்னு ஒரு என்ட்ரி போட முடியாத ஆப் பக்கமே போகாதீங்க. நகைக்கடன் தான் இதுல நிறைய பேர் சறுக்குற இடம். நகைய வெச்சு 50,000 வாங்கினா அத வரவுன்னு போட்டுருவாங்க, ஆப்பும் இந்த மாசம் லாபம்னு பச்சையில காட்டும். அது வரவு இல்லீங்க, கடன். நகைக்கடன்னு தனி அக்கவுன்ட் தொறந்து அதுல இருந்து வீட்டுக்கு டிரான்ஸ்ஃபர், திருப்பும்போது அசல் திரும்ப டிரான்ஸ்ஃபர், வட்டி மட்டும் செலவு. ஏலச்சீட்டு கட்டுறதும் அதே மாதிரி தான், எடுக்குற வரைக்கும் அது உங்க காசு, செலவுல எழுதாதீங்க.

ரூம் வாடகைய காப்பிப் பணத்தோட கலக்கவே வேண்டாம். விவசாய வருமானத்துக்கு இன்கம் டேக்ஸ் விலக்கு இருக்கு, ரூம் வாடகைக்கு இல்ல, கலந்துட்டா ஆடிட்டர் கேக்கும்போது பிரிக்க முடியாது. கோடை விழா சமயத்துல வர்ற அந்தக் காசு சம்பளக் கணக்குல சேராம நகைய மீக்க போகட்டும்.

லேப்டாப்புல தான் எழுதுவேன்னா க்னுகேஷ்னு (GnuCash) ஒரு கணக்கு சாஃப்ட்வேர் இருக்கு, முழு இலவசம், ஆனா டபுள் என்ட்ரி, அதாவது ஒவ்வொரு கணக்கையும் எங்கிருந்து போச்சு, எங்க வந்துச்சுன்னு ரெண்டு பக்கமும் எழுதணும், பழகுறதுக்குள்ள அலுத்துரும். ஆக்சுவல் பட்ஜெட்னு இன்னொரு சாஃப்ட்வேரும் இலவசம், கையில இருக்குற காசுக்கு மட்டும் பட்ஜெட் போடுற மொறை, உங்க மாதிரி வருமானத்துக்கு பொருந்தும், லேப்டாப்புல மட்டும் வெச்சுக்கிட்டா நெட் வேணாம், போனுக்கும் கொண்டு வரணும்னா சர்வர் கிர்வர்னு யாராவது செட் பண்ணித் தரணும். இதே மொறையில பேர் வாங்குன ஒய்நாப்ங்கற (YNAB) அமெரிக்க ஆப் வருஷத்துக்கு 100 டாலருக்கு மேல, நம்ம பேங்க்கோட சேரவும் சேராது, அந்தக் காசுக்கு உரம் வாங்கிப் போடலாம். கூகுள் ஷீட்ஸும் மோசமில்ல, வீட்டுக்காரரும் நீங்களும் ஒரே ஷீட்ட அவங்கவங்க போன்ல பாத்துக்கலாம், டிரான்ஸ்ஃபர் கணக்க நீங்களே ஃபார்முலா போட்டு சமாளிக்கணும், அவ்ளோ தான்.

மை எக்ஸ்பென்சஸ்ல கணக்கு போனுக்குள்ளயே தான் இருக்கும், போன் தொலைஞ்சா கணக்கும் தொலையும். மாசம் ஒருக்கா டவுனுக்கு எறங்கும்போது, டவர் கிடைச்ச ஒடனே, ஒரு பேக்கப் எடுத்து உங்க மெயிலுக்கே அனுப்பி வெச்சுக்கோங்க.