செட்சி ஈ கடித்த பிறகு காய்ச்சல்: ஊருக்கு வரும்வரை பொறுக்கலாமா?

கேள்வி: சாம்பியாவில் வேலை பார்க்கிறேன். பத்து நாள் முன்பு லுவாங்வா காட்டுக்குப் போனபோது செட்சி ஈ கடித்தது. கடித்த இடம் தடித்து வலிக்கிறது, நேற்றிலிருந்து காய்ச்சல். ஐவரி கோஸ்டில் முந்திரி வியாபாரம் செய்யும் நண்பர், "தூக்க நோய் வந்தாலும் மெதுவாகத்தான் முற்றும், ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்" என்கிறார். பொறுக்கலாமா?

பதில்: வேண்டாம். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். நண்பர் சொன்னது அவர் இருக்கும் ஊருக்குச் சரி, உங்களைக் கடித்த ஈக்குச் சரிவராது.

ஐவரி கோஸ்டில் இருப்பது குளோசினா பால்பாலிஸ் என்ற செட்சி ஈ வகை. ஆற்றங்கரை, தோட்ட நிழல் என்று மனிதர்கள் புழங்கும் இடத்தில் இருக்கும், அது பரப்பும் காம்பியென்ஸ் என்ற தூக்க நோய்க் கிருமி பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்கே போகிறது, உடம்பில் மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில்கூடப் பதுங்கியிருக்கும். சாம்பியாவின் குளோசினா மார்சிட்டன்ஸ் அதற்கு உறவுதான். இரண்டிலும் ஆண், பெண் இரண்டுமே ரத்தம் குடிக்கும், உட்காரும்போது இறக்கைகளைக் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக மடித்துக்கொள்ளும். ஆனால் மார்சிட்டன்ஸ் மரங்கள் சிதறிய புல்வெளிக்காட்டு ஈ, மான், மாடு இவற்றின் ரத்தத்திலிருந்து ரொடீசியென்ஸ் என்ற இன்னொரு வகைத் தூக்க நோய்க் கிருமியை எடுத்து வருகிறது. அது சில வாரங்களிலேயே மூளைவரை போகலாம், சிகிச்சை இல்லாவிட்டால் மாதங்களுக்குள் உயிரை எடுத்துவிடும்.

கடித்த இடம் வலியோடு தடிப்பதும் இந்த வகையில்தான் அதிகம். வெறும் ஈக்கடியும் வீங்கும், உண்மைதான், ஆனால் கூடவே காய்ச்சல் வந்துவிட்டதே, அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

மலேரியாவாகவும் இருக்கலாம், அதையும் பார்க்க வேண்டும். ஆனால் மலேரியா கார்டு டெஸ்டோடு நிறுத்த விடாதீர்கள். "செட்சி ஈ கடித்தது, ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பாருங்கள்" என்று நீங்களே கேளுங்கள். ரொடீசியென்ஸ் என்றால் கிருமி ரத்தத்திலேயே பெரும்பாலும் கண்ணில் படும். மேற்கு ஆப்பிரிக்காவில் விரல்நுனி ரத்தத்தில் செய்யும் ஆன்டிபாடி டெஸ்ட் காம்பியென்ஸுக்கு மட்டுமானது, அதில் நெகட்டிவ் வந்தால் உங்களுக்கு நோய் இல்லை என்று அர்த்தமில்லை.

ஊருக்கு வந்து பார்க்கலாம் என்ற எண்ணத்தையும் விடுங்கள். இங்கே டெங்கு, டைபாய்டு என்று தேடியே நாள் போய்விடும், மருந்தும் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்காது, உலக சுகாதார நிறுவனம் வழியாக வர வேண்டும். ஃபெக்சினிடசோல் மாத்திரையை ரொடீசியென்ஸுக்கும் தரலாம் என்று 2024இல் அந்த நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது. மூளைக்குப் பரவிவிட்டதா என்று பார்க்க முதுகுத்தண்டு நீர் எடுக்கச் சொன்னால் பயந்து மறுக்காதீர்கள்.

அப்புறம், உங்களோடு வந்தவர்கள் யாருக்காவது காய்ச்சல் இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள்.